தக்காளிச் செடி தகவல் சொல்லுமா?

கேள்வி: ஒரு தக்காளிச் செடியைப் புழு கடித்தால் பக்கத்துச் செடிக்குத் தெரிந்துவிடும் என்கிறான் விவசாயம் படிக்கும் என் பேரன். நிஜமா, ரீலா?
- ஒரு வாசகர், பலமநேர், சித்தூர் மாவட்டம்

பதில்: ரீல் இல்லை ஐயா. புல் வெட்டும்போது ஒரு பச்சை வாசனை வருமே, அதே வகை ஆவிதான் கடிபட்ட தக்காளி இலையிலிருந்தும் கிளம்புகிறது. அதிலுள்ள ஹெக்ஸெனால் என்ற வாசனைப் பொருளைப் பக்கத்துச் செடி உறிஞ்சி, சர்க்கரையோடு கோத்து, இலை தின்னும் புரொடீனியா புழுவின் வளர்ச்சியைக் கெடுக்கும் பொருளாக இலையில் வைத்துக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2014-இல் இதைக் காட்டினார்கள். வந்த சேதியையே ஆயுதமாக்கும் சாமர்த்தியம்! ஆனால் திறந்த வெளியில் ஆவி சீக்கிரம் கலைந்துவிடும். அதனால் இலைக்கு அடியில் முட்டைக் குவியல் தேடிக் கிள்ளுகிற வேலையை நிறுத்தாதீர்கள், பேரனிடமே கொடுத்துவிடுங்கள்.