9 வோல்ட்னு போட்டிருக்கும், உள்ள 9 இருக்காது: ஹெட்ஃபோன் ஆம்ப் பேட்டரி கேள்வி பதில்

கையால பண்ண ஹெட்ஃபோன் ஆம்பை சார்ஜ் பண்ற பேட்டரில ஓட்டறதுல என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொன்னேன், குவிஞ்சிடுச்சு. கேட்டவங்கள்ல முக்காவாசி பேர் பண்ணிருக்கறது சிமோய்தான். 1990கள் கடைசில சூ மோய்ங்கறவர் போட்ட சர்க்யூட், ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு டூயல் ஆப்ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கற சிப், ஒண்ணுக்குள்ள ரெண்டு), எல்லாம் ஒரு மிட்டாய் தகர டப்பாக்குள்ள. அதனால அதை வச்சே பேசறேன்.

கேள்வி: அண்ணே, ரீசார்ஜபிள் 9 வோல்ட் வாங்கினேன். ராத்திரி பூரா சார்ஜ் போட்டு எடுத்தா மீட்டர்ல 8.1 தான் காட்டுது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

ஏமாத்தலாம் இல்ல தம்பி. அது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ஒரு செல் 1.2 வோல்ட். அந்த சின்ன டப்பாக்குள்ள சிலது 6 செல், சிலது 7, சிலது 8. அதாவது 7.2, 8.4, 9.6, ஆனா மேல எல்லாத்துலயும் 9 வோல்ட்னுதான் போட்டிருப்பான். சார்ஜர்லேர்ந்து எடுத்த உடனே செல்லுக்கு 1.35 வரைக்கும் இருக்கும், ஆறால பெருக்கிப் பாருங்க, உங்க 8.1 வந்துடும். கொஞ்ச நேரம் பாட்டு கேட்டா 7.2 பக்கம் வந்து உக்காந்துக்கும். ஆப்ஆம்பா ஓபிஏ2134 போட்டிருந்தா கவலையே வேணாம், மொத்தம் 5 வோல்ட் இருந்தாலே ஓடும். 5532 போட்டிருந்தாதான் யோசிக்கணும், அது ப்ளஸ் பக்கம் 5, மைனஸ் பக்கம் 5, மொத்தம் 10 வோல்ட் எதிர்பார்க்கற ஆளு, இதுல அரை வயித்துல வேலை செய்யும்.

கேள்வி: 200 எம்ஏஹெச் பேட்டரி 12 மணி நேரத்துல காலி. எல்லாரும் 20ன்னு சொல்றாங்களே?

உங்க எல்இடிக்கு என்ன ரெசிஸ்டர்? 1கே தானே? அங்கதான் போகுது. 9 வோல்ட்ல 1கே போட்டா எல்இடி மட்டும் 7 மில்லி ஆம்ப் குடிக்கும், ஆம்ப் வேலையெல்லாம் பாக்கற ஓபிஏ2134 குடிக்கறதே 8தான். முதலாளி சாப்பாடு வாட்ச்மேனுக்கும் போகுது. 10கே போடுங்க, அப்பவும் நல்லாவே தெரியும், 0.7 மில்லி ஆம்ப்தான் ஆகும்.

கேள்வி: சார், என்னோடது 300 ஓம் ஹெட்ஃபோன். 7.4 வோல்ட் லித்தியம் போதுமா, இல்ல 9.6 வேணுமா?

வித்தியாசம் இருக்கு, ஆனா நீங்க நினைக்கற அளவு இல்ல. இந்த சர்க்யூட் பேட்டரியை நடுவுல ரெண்டா பிரிச்சுக்கும், 7.4ல பாதி 3.7, ஓபிஏ2134 மேலயும் கீழயும் ஒண்ணரை வோல்ட் கிட்ட சாப்பிட்டுரும், மிச்சம் 2.2 பீக். 300 ஓம்ல ஏறக்குறைய 8 மில்லிவாட். 9.6ல 18 கிட்ட வரும். காதுக்கு அது 3, 4 டெசிபல், வால்யூமை கொஞ்சம் திருப்பின மாதிரி, அவ்ளோதான். 32 ஓம் இயர்ஃபோன் வச்சிருக்கவங்க இந்தக் கேள்வியையே மறந்துடலாம், அவங்களுக்கு வோல்டேஜ் பிரச்சனை இல்ல, கரண்ட்தான்.

கேள்வி: ரெண்டு 18650 லித்தியம் செல் சீரிஸ்ல வச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு டிபி4056 சார்ஜிங் போர்டு, ரெண்டுக்கும் ஒரே யூஎஸ்பி. சரியா அண்ணே?

ஐயோ வேணாம். அந்த போர்டுல பேட்டரி மைனஸும் யூஎஸ்பி மைனஸும் ஏறக்குறைய ஒண்ணுதான். ரெண்டு போர்டையும் ஒரே சார்ஜர்ல சொருகினா மேல் செல்லோட மைனஸும் கீழ் செல்லோட மைனஸும் சேந்துடும், அதாவது கீழ் செல் ஷார்ட். லித்தியம் செல் ஷார்ட்னா புகையோட போனா அதிர்ஷ்டம். 8.4 வோல்ட் சார்ஜர், கூட ரெண்டு செல்லையும் சமமா வச்சுக்கற பேலன்ஸ் போர்டுன்னு போங்க. நான் அதுகூட பண்றதில்ல, ஹோல்டர்ல வச்சுட்டு, தீந்தா கழட்டி வெளிய சார்ஜர்ல போட்டுடறேன். சோம்பேறித்தனம்தான், ஆனா பத்திரம்.

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்ல 9900 எம்ஏஹெச்னு போட்ட 18650 கிடைச்சுது, எடுக்கலாமா?

எடுக்காதீங்க. நல்ல செல்லே 3500 பக்கத்துல நின்னுடும். தராசுல வச்சுப் பாருங்க, ஒழுங்கானது 45 கிராமுக்கு மேல இருக்கும்.

கேள்வி: ஒரே லித்தியம் செல், பூஸ்ட் போர்டு வச்சு 9 வோல்ட் ஆக்கினேன். பாட்டு இல்லாதப்ப ஒரு மெல்லிய கீச் சத்தம் வருது.

வரும். அந்த போர்டு லோடு கம்மியா இருந்தா விட்டு விட்டு வேலை செய்யும், அந்த விட்டு விட்டுங்கறது காதுக்கு கேக்கற அலைவரிசைல வந்து விழுந்துடும். பழைய ஏஎம் ரேடியோ வீட்ல இருந்தா ஸ்டேஷன் இல்லாத இடத்துல வச்சு டப்பா பக்கத்துல கொண்டு போங்க, அதுவே கத்திக் காட்டிக் குடுக்கும். காயில், கெப்பாசிட்டர்னு ஃபில்டர் போட்டு குறைக்கலாம், ஆனா பேட்டரில ஓட்டறதே கரண்ட் சுத்தமா கிடைக்கும்னுதான், அதை நாமளே அழுக்காக்கி அப்புறம் துவைக்கணுமா? யூஎஸ்பி சொருகி சார்ஜ் பண்ற 9 வோல்ட் லித்தியம் பேட்டரி சிலதுக்குள்ளயும் இதே பூஸ்ட் கன்வர்ட்டர்தான் ஒளிஞ்சிருக்கும், பாத்து வாங்குங்க.

கேள்வி: சார்ஜ் போட்டுக்கிட்டே கேட்டா பாட்டு கரகரன்னு உடையுது. சார்ஜரைப் பிடுங்கினா சரியாகுது. ஏன்?

இதுதான் இன்னிக்கு வந்ததுலயே நல்ல கேள்வி. உங்க ஆம்ப்ல கிரவுண்டுங்கறது பேட்டரி மைனஸ் இல்ல, பேட்டரிக்கு நட்டநடுவுல செயற்கையா உருவாக்கின ஒரு புள்ளி. ஃபோன்லேர்ந்து வர்ற ஆடியோ வயரோட கிரவுண்டு அந்த நடுப்புள்ளில உக்காந்திருக்கு. இப்ப ஃபோனும் ஆம்பும் ஒரே சார்ஜர்ல இருந்தா, ஃபோன் கிரவுண்டு வழியா நடுப்புள்ளியும் பேட்டரி மைனஸும் கை கோத்துக்கும். கீழ் பாதி சப்ளை காணாம போயிடும், அலையோட கீழ் பாதியும் அதோட போச்சு.

ஃபோனை சார்ஜ் போடாமலே இது நடக்கலாம். நான் மாட்டிக்கிட்டது அப்படித்தான். தகர டப்பால ஆடியோ ஜாக்கோட உடம்பு தொட்டுக்கிட்டு இருந்துச்சு, அதாவது டப்பாவே நடுப்புள்ளி. அதுல அழகா இருக்கேன்னு மெட்டல் டிசி ஜாக் ஒண்ணு பொருத்தினேன், அதோட வெளி உடம்பு மைனஸ். சுவிட்சு போட்டா சத்தமே சரியில்ல, சால்டரிங்கைத்தான் சந்தேகப்பட்டு அரை மணி நேரம் ஒவ்வொரு காலா திருப்பி சூடு வச்சேன், கடைசில அந்த நடுப்புள்ளியை உருவாக்கற டிஎல்இ2426 சிப் மேல விரல் பட்டு சுர்ருனு சுட்டப்பதான் புத்தி வந்துச்சு. 20 மில்லி ஆம்ப் தாங்கற பொடிசு, பாவம், டப்பாவோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்திருக்கு. பிளாஸ்டிக் ஜாக் போடுங்க, ஆறு கால் ஸ்லைடு சுவிட்சு வச்சு பேட்டரியோட ரெண்டு வயரும் ஒண்ணு சார்ஜருக்கு, இல்லன்னா ஆம்புக்குன்னு மாறற மாதிரி பண்ணிடுங்க.

கேள்வி: அப்ப நடுப்புள்ளி வம்பே வேணாம்னு ரெண்டு 9 வோல்ட் பேட்டரி வச்சா?

வைக்கலாம், சத்தமும் நல்லா இருக்கும். ஆனா ஒரு பேட்டரி முந்தி தீந்தாலோ கிளிப் கழண்டாலோ மிச்சம் இருக்கற ஒண்ணோட டிசி நேரா ஹெட்ஃபோனுக்குள்ள போகலாம், காயில் கருகிடும். 2011ல வந்த ஓ2 ஆம்ப்ல இதுக்குன்னே ஒரு பாதுகாப்பு சர்க்யூட் இருக்கு, பேட்டரி எறங்கினா ரெண்டு பக்கத்தையும் சேத்து வெட்டிடும். அது இல்லாம பண்ணா, பேட்டரி மாத்தறப்பல்லாம் ஹெட்ஃபோனை சொருகறதுக்கு முன்னாடி அவுட்புட்ல மீட்டர் வச்சுப் பாருங்க, 20 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா சொருகலாம்.

கேள்வி: 7 செல் பேட்டரிக்கு 12 வோல்ட் அடாப்டர், எல்எம்317 ரெகுலேட்டர், 62 ஓம் ரெசிஸ்டர். முதல்ல 20 மில்லி ஆம்ப் காட்டுது, போகப்போக 5க்கு வந்துடுது அண்ணே.

கணக்கு சரி, 317 அந்த ரெசிஸ்டர்ல 1.25 வோல்ட் நிறுத்தி வைக்கும், அதை 62ஆல வகுத்தா 20 மில்லி ஆம்ப்தான். அடாப்டர்தான் பத்தல. சார்ஜ் ஏற ஏற 7 செல்லும் 10 வோல்ட் தாண்டும், 317க்கும் ரெசிஸ்டருக்கும் சேத்து 3 வோல்ட், ரிவர்ஸ் போகாம இருக்க போட்ட டயோடுக்கு 0.7, ஆச்சா 14. 15 வோல்ட் குடுங்க. இல்ல பரண்ல கிடக்கற பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரை எடுங்க, 20 மில்லி ஆம்ப்க்கு 317 சூடாகக்கூட செய்யாது. 14 மணி நேரத்துல கழட்டிடணும், அலாரம் வச்சுக்கோங்க.