கிறிஸ்தவர்கள் எல்லாரும் திரித்துவத்தை நம்புகிறார்களா? அவர்கள் கும்பிடுவது ஒருவரையா, மூவரையா?

கேள்வி இது: "எனக்கு இரண்டு கிறிஸ்தவ நண்பர்கள். ஒருவர் இயேசுதான் கடவுள் என்கிறார். இன்னொருவர், இயேசு கடவுளின் மகன்தான், கடவுள் அல்ல என்கிறார். இருவரும் பைபிளைத்தான் காட்டுகிறார்கள். அப்படியானால் திரித்துவத்தை எல்லாரும் ஏற்பதில்லையா? வழிபாடு யாருக்குப் போகிறது?"

எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் மிகப் பெரும்பான்மையோர் ஏற்கிறார்கள். கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தேயில் பெரும்பகுதி என எல்லாருக்கும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள். யெகோவாவின் சாட்சிகள், யூனிடேரியன்கள் (பிதா மட்டுமே கடவுள் என்பவர்கள்), "இயேசுவின் நாமம்" பெந்தெகொஸ்தே சபைகள், மோர்மோன்கள் ஆகியோர் இந்தக் கோட்பாட்டை ஏற்பதில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களும் ஒன்றுபோல இருக்காது.

நான் திருநெல்வேலிப் பக்கத்து சிஎஸ்ஐ குடும்பத்துப் பிள்ளை. ஓய்வுநாள் பள்ளியில் தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உதாரணத்தைச் சொல்லித்தான் திரித்துவத்தை நடத்தினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த உதாரணம் சொல்வது திரித்துவமே அல்ல. ஒரே ஆள் மூன்று வேடத்தில் வருகிறார் என்ற கருத்து அது. 3ஆம் நூற்றாண்டில் சபெல்லியஸ் என்பவர் பெயரில் சபை தள்ளிவைத்த போதனை. வேறு எந்த உதாரணத்தைப் பிடித்தாலும் ஒன்று அந்தப் பக்கம் சாயும், இல்லையென்றால் மூன்று கடவுள் என்ற பக்கம் சாயும். மும்மூர்த்திகளோடு ஒப்பிடுவதும் சரிவராது. இங்கே ஒருவர் படைக்க, ஒருவர் காக்க, ஒருவர் அழிக்க என்ற வேலைப் பங்கீடு கிடையாது.

அதனால் ஒன்று எப்படி மூன்றாகும் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். என் பார்வையில் இந்தச் சண்டை கணக்கில் ஆரம்பிக்கவே இல்லை, ஜெபத்தில்தான் ஆரம்பித்தது. முதல் கிறிஸ்தவர்கள் யூதர்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று தினமும் சொல்லி வளர்ந்தவர்கள். அவர்களே இயேசுவை நோக்கி ஜெபிக்கவும் செய்தார்கள். கல்லெறிபட்டுச் சாகும்போது ஸ்தேவான் சொன்னது, "கர்த்தராகிய இயேசுவே, என் ஆவியை ஏற்றுக்கொள்ளும்." வெளியாட்கள் கண்ணிலும் இது பட்டது. 112 வாக்கில் பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அறிக்கை அனுப்பினார். கடவுள் ஒருவரே, ஆனாலும் இயேசுவுக்கும் ஜெபம். இந்த இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ள வழி தேடியபோது பிறந்ததுதான் கோட்பாடு.

ஆனால் எல்லாரும் அப்படி ஜெபிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 3ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் ஓரிகன், ஜெபத்தைப் பற்றி எழுதிய நூலிலேயே, முறையான ஜெபம் பிதாவுக்கு மட்டும்தான், கிறிஸ்து வழியாகச் செலுத்தலாம், கிறிஸ்துவிடம் அல்ல என்று வாதிட்டார். 393இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போவில் கூடிய சங்கமும், பலிபீடத்தில் சொல்லும் ஜெபம் எப்போதும் பிதாவை நோக்கியே இருக்க வேண்டும் என்று விதித்தது. இன்றைக்கும் கத்தோலிக்கத் திருப்பலியின் நற்கருணை மன்றாட்டு தந்தையை நோக்கித்தான் போகிறது. குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தி "இவர் வழியாக, இவரோடு, இவரில்" என்று தொடங்குவதைக் கவனித்தால் தெரியும்.

4ஆம் நூற்றாண்டில் இது வெடித்தது. அலெக்சாந்திரியாவின் மூப்பர் ஆரியுஸ், குமாரன் படைப்புகளிலேயே உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு என்றார். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் அதை மறுத்து, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று விசுவாசப் பிரமாணம், அதாவது சபையின் நம்பிக்கை அறிக்கை, எழுதினார்கள். பள்ளிப் பாடம்போல இங்கே நிறுத்திவிடுவார்கள். உண்மையில் அப்புறம்தான் அரை நூற்றாண்டுக் கூத்து. நிசேயாவைத் தூக்கிப்பிடித்த அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். பேரரசர் மாறினால் கொள்கை மாறியது.

அந்தக் காலத்து அந்தியோக்கியாவில் நடந்த ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். சங்கீதம் பாடி முடித்ததும் துதிவாக்கியம் சொல்வார்கள். கோவிலில் ஒரு பாதி "பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை" என்று சொல்லும். மறுபாதி "பிதாவுக்குக் குமாரன் மூலமாகப் பரிசுத்த ஆவியில் மகிமை" என்று சொல்லும். முதல் வாக்கியத்தில் மூவரும் சமம். இரண்டாவதில் மகிமை போய்ச் சேருவது ஒருவருக்கே, மற்ற இருவரும் வழி. ஆயர் லெயோந்தியுஸ் எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்களாம். மனிதர் கெட்டிக்காரர். முன்பகுதியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, "சதாகாலங்களிலும்" என்ற கடைசிப் பகுதியை மட்டும் காதில் விழும்படி சொல்வாராம். தன் நரைத்த தலையைத் தொட்டுக் காட்டி, "இந்தப் பனி உருகினால் சேறு நிறைய வரும்" என்றும் சொன்னதாக அக்காலச் சபை வரலாற்றில் இருக்கிறது. நான் செத்த பிறகு பாருங்கள் கூத்தை, என்று அர்த்தம்.

சிஎஸ்ஐ ஆராதனையில் சங்கீதம் முடிந்ததும் எழுந்து நின்று நாங்கள் சொல்வது அந்த முதல் வகை. சின்ன வயதில் எப்போது உட்காரலாம் என்ற நினைப்பில் சொல்லி முடித்த வரி அது. அதற்குள் இத்தனை சண்டை இருக்கும் என்று யார் கண்டார்கள்!

செசரியாவின் ஆயர் பேசிலும் இதே விஷயத்தில் மாட்டினார். அவர் இரண்டு வகையையும் மாற்றி மாற்றிச் சொன்னார். அதற்கு வந்த கண்டனத்துக்குப் பதிலாகத்தான் 375 வாக்கில் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 381இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் பிரமாணத்தை விரித்தபோது, ஆவியைக் "கடவுள்" என்று நேரடியாக எழுதவில்லை. பிதாவோடும் குமாரனோடும்கூடத் தொழப்படுகிறவர் என்று எழுதியது. அதாவது, அவர் யார் என்ற கேள்விக்கு, அவரை எப்படிக் கும்பிடுகிறோம் என்பதையே பதிலாக வைத்தார்கள். நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கிழக்கும் மேற்கும் ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்று பிற்பாடு மோதிக்கொண்டன. 1054 பிளவுக்கான காரணங்களில் அதுவும் ஒன்று. கேரளத்து ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் "குமாரனிடமிருந்தும்" என்பதைச் சேர்க்காமல்தான் பிரமாணம் சொல்கின்றன. வழிபாட்டில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பதால் இதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

சரி, மறுத்தவர்கள் பக்கம் வருவோம். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில் மிகேல் செர்வெத்துஸ் உயிரோடு எரிக்கப்பட்டார். திரித்துவத்தை மறுத்தது முக்கியக் குற்றச்சாட்டு. தீயில் நின்று அவர் கதறியதாகச் சொல்லப்படும் வார்த்தை: "இயேசுவே, நித்திய தேவனுடைய குமாரனே, எனக்கு இரங்கும்." இயேசுவிடம்தான் ஜெபித்தார்! "தேவனுடைய நித்திய குமாரனே" என்று அந்த ஓர் அடைமொழியை இடம் மாற்றிச் சொல்ல மறுத்தார், அவ்வளவுதான். இதற்காக ஒருவரைக் கொளுத்தியவர்களை எந்தக் கோட்பாட்டின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியாது. நான் திரித்துவத்தை நம்புகிறவன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுத்தவர்களுக்குள்ளேயே அடுத்த சண்டை டிரான்சில்வேனியாவில் வந்தது. 1568இல் தோர்தாவில் கூடிய அவை, போதகர்கள் அவரவர் புரிந்துகொண்டபடி சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கலாம் என்று ஆணை போட்டது. அந்தக் கால ஐரோப்பாவில் அபூர்வமான விஷயம். அங்கே யூனிடேரியன் சபையைக் கட்டியவர் ஃபெரெண்ட்ஸ் டாவிட். இயேசு கடவுள் இல்லையென்றால் அவரிடம் ஏன் ஜெபிக்க வேண்டும் என்று அவர் ஒரு படி மேலே போனார். கூட இருந்தவர்களுக்கே இது அதிகமாகப்பட்டது. அவர் மனதை மாற்ற 1578இல் ஃபவுஸ்தோ சொசினியை வரவழைத்து, டாவிட் வீட்டிலேயே தங்கவைத்தார்கள். சொசினியும் திரித்துவத்தை மறுப்பவர்தான். ஆனால் கடவுளே இயேசுவுக்கு அதிகாரம் கொடுத்திருப்பதால் அவரைத் தொழுவது சரி என்பது அவர் கட்சி. மாதக்கணக்கில் வாதம் நடந்தும் டாவிட் அசையவில்லை. மதத்தில் புதுமை புகுத்தினார் என்று தண்டிக்கப்பட்டு, 1579இல் தேவா கோட்டைச் சிறையில் இறந்தார். அவருடைய சபை ருமேனியாவில் இன்றும் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஐசக் நியூட்டன் ரகசியமாகத் திரித்துவத்தை மறுத்தவர். கிறிஸ்துவைக் கடவுளாகத் தொழுவது விக்கிரக ஆராதனை என்பது அவர் கருத்து. அவர் இருந்த கல்லூரியின் பெயர் டிரினிட்டி என்பது தனி நகைச்சுவை. 1 யோவான் 5:7 பிற்காலத்தில் நுழைந்த வசனம் என்று விரிவாக எழுதினார், வெளியிடவில்லை. அந்த வசனத்தை நம் வீட்டிலேயே பார்க்கலாம். சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தில், பரலோகத்தில் சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று வரும். கத்தோலிக்க வீட்டுத் திருவிவிலியத்தில் அந்த வரி இருக்காது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் வெளியிட்ட அறிஞர் எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 1522இல் சேர்த்தார். ஆகவே திரித்துவத்துக்கு ஆதாரமாக யாராவது இந்த வசனத்தைக் காட்டினால், அவர் பலவீனமான தூணில் சாய்கிறார். திரித்துவத்தை எழுதிவைத்த 4ஆம் நூற்றாண்டு கிரேக்க ஆயர்கள் இந்த வசனத்தை வைத்து வாதாடவே இல்லை.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் ஆங்கிலேயரிடம் வேலைக்காரராக இருந்தவர். இங்கிலாந்தின் யூனிடேரியன் எழுத்துகளைப் படித்து, அந்த வழியில் சென்னையில் ஒரு சபையை நடத்தினார். தமிழில் ஆராதனை. 1813இல் புரசைவாக்கத்தில் ஒரு சிறு ஆலயமும் கட்டினார். அதே 1813இல்தான் இங்கிலாந்தில் திரித்துவத்தை மறுப்பது சட்டப்படி குற்றம் என்ற நிலை நீங்கியது. சில ஆண்டுகள் கழித்து வங்காளத்தில் ராம்மோகன் ராய், செராம்பூர் மிஷனரி மார்ஷ்மனோடு இதே விஷயத்தில் நீண்ட எழுத்துச் சண்டை போட்டார். அவரோடு பேசிப் பழகிய வில்லியம் ஆடம் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியே யூனிடேரியன் ஆகிவிட்டார்.

இன்று தமிழ்நாட்டில் நீங்கள் அதிகம் எதிர்கொள்ளக்கூடியவர்கள் இரண்டு வகை. ஒன்று, "இயேசுவின் நாமம்" பெந்தெகொஸ்தே. மற்றவர்கள் இவர்களை "ஜீசஸ் ஒன்லி" என்பார்கள், இவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்காது. 1913 வாக்கில் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம். 1916இல் அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே அமைப்பு திரித்துவத்தை உறுதியாக அறிவித்ததும் 156 போதகர்கள் பிரிந்து போனார்கள். பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே கடவுள் வெளிப்பட்ட விதங்கள், அந்தக் கடவுளின் பெயர் இயேசு என்பார்கள். இவர்கள் இயேசுவைக் குறைக்கவில்லை. எங்களைவிட ஒரு படி மேலே முழுக் கடவுள் என்கிறார்கள். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு யாரிடம் ஜெபித்தார் என்று கேட்டால், மனிதராக ஜெபித்தார் என்பது அவர்கள் பதில். எனக்கு அது போதவில்லை.

என் சித்தப்பா குடும்பம் இந்தச் சபையில் சேர்ந்தது. "இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று அப்போஸ்தலர் 2:38இல் இருப்பதால் மறுபடி ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்றார்கள், எடுத்தார்கள். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம். ஆச்சி கேட்டது இதுதான்: "ஏல, அப்போ ஐயர் ஒனக்குக் குடுத்தது என்ன, வெறும் தண்ணியா?" பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்று வரும் மத்தேயு 28:19க்கு சித்தப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஆச்சி எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

இரண்டாவது, யெகோவாவின் சாட்சிகள். உங்கள் இரண்டாவது நண்பர் பெரும்பாலும் இவர்களில் ஒருவராக இருப்பார். யெகோவா ஒருவரே கடவுள், இயேசு அவர் முதலாவது படைத்தவர், பரிசுத்த ஆவி கடவுளின் செயல்படும் சக்தி, ஓர் ஆள் அல்ல. ஜெபம் யெகோவாவுக்கு, இயேசுவின் பெயரில். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற யோவான் 14:28 அவர்களுக்குப் பிடித்த வசனம். பதிலுக்கு எங்கள் ஆட்கள், தோமா இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்ன யோவான் 20:28ஐ எடுப்பார்கள். இரண்டும் ஒரே சுவிசேஷத்தில்தான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் படித்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை!

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட்களையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள், அது பழைய செய்தி. அவர்களின் முன்னோடிகள் சிலர் திரித்துவத்தை மறுத்தது உண்மை. அந்தச் சபை இப்போது அதை அதிகாரப்பூர்வமாக ஏற்கிறது.

மாதா, புனிதர்கள் விஷயம் வேறு கணக்கு. வேளாங்கண்ணியில் முட்டிபோடுகிறவர்கள் மாதாவை நாலாவது ஆளாகச் சேர்க்கவில்லை. ஆராதனை கடவுளுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு அதில் உயர்ந்த வணக்கம் என்று கத்தோலிக்கத் திருச்சபை தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நடைமுறையில் அந்தக் கோடு அழிகிறது என்று சீர்திருத்த சபைக்காரர்கள் குறை சொல்வார்கள். அது திரித்துவத்தைப் பற்றிய சண்டை அல்ல.

உங்கள் நண்பர்களிடம் "கடவுள் ஒருவரா மூவரா" என்று கேட்காதீர்கள், இருவரும் "ஒருவர்" என்றுதான் சொல்வார்கள். "இயேசுவைப் பார்த்து நேரடியாக ஜெபிப்பீர்களா?" என்று கேளுங்கள். முதல் நண்பர் தயங்காமல் ஆமாம் என்பார், இரண்டாமவர் இல்லை என்பார். ஆனால் இருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றாக உட்கார வைத்தால், "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று முடியும் யோவான் முதல் அதிகாரம் முதல் வசனத்தைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும்.