கோடையின் இரண்டரை டி.எம்.சி.

வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். எங்கு பார்த்தாலும் பாறைதான். பரிசல் பாதி வழியில் தரை தட்டி நின்றுவிட்டது. பரிசல்காரர் இறங்கித் தள்ளினார். “குடிதண்ணிக்குன்னு எடுத்துடறாங்க சார், மேல பெங்களூரும் எடுக்குது, எங்களுக்கு என்ன மிச்சம்?” என்று வருத்தப்பட்டார். அங்கே தண்ணீர் எடுப்பதை நிறுத்தினால்தானே ஆறும் சுற்றுலாவும் பிழைக்கும்?
– சேலத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பரிசல்காரரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் குடிநீரை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. சில வருடங்களுக்கு முன் பென்னாகரம் பக்கத்தில் ஒரு பாட்டியோடு பேசிக்கொண்டிருந்தேன். சிரிக்கும்போதெல்லாம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்தேன். அப்புறம் மகள் வந்து சிரித்தபோதுதான் புரிந்தது, அவருக்கும் முன்பற்களில் அதே பழுப்புக் கறை. எல்லாம் நிலத்தடி நீரில் இருக்கும் ஃப்ளோரைடு. அது எலும்பில் இறங்கினால் முதுகே நிமிராது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படி எத்தனையோ வீடுகள். 2008இல் அடிக்கல் நாட்டி 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இவர்களுக்காக வந்ததுதான்.

அதற்கு ஒப்புதல் பெற்ற அளவு ஆண்டுக்கு 1.4 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி.) 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கர்நாடகத்திலிருந்து வரும் காவிரி நீரை அளக்கும் எல்லை ஊரான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு வந்து சேர வேண்டியது 177.25 டி.எம்.சி. அதாவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சரி, அப்படியானால் பிரச்சினையே இல்லையா? இருக்கிறது. மாதக் கணக்கைப் பார்த்தால் அது தெரியும். ஆகஸ்டுக்கு 45.95 டி.எம்.சி.; பிப்ரவரியிலிருந்து மே வரை மாதத்துக்கு வெறும் 2.5. சராசரியாக வினாடிக்கு ஆயிரம் கன அடிகூடத் தேறாது. வருடம் முழுக்க ஒரே சீராகக் குடிநீர் எடுத்தால், கோடையில் அது நூற்றில் ஐந்து பங்காகிவிடும். அதுவும் அந்த 2.5 முழுசாக வந்தால்தான்.

அந்த நான்கு மாதத்து 10 டி.எம்.சி. யாருடையது தெரியுமா? காவிரி நடுவர் மன்றம் 2007இல் சுற்றுச்சூழலுக்கென்றே ஒதுக்கியது. வயலுக்கும் இல்லை, ஊருக்கும் இல்லை, ஆற்றுக்கே சொந்தமான தண்ணீர். ஒருநாள் விடியற்காலையில் பாறை மேல் நான்கு நீர்நாய்கள் உட்கார்ந்து மீனைத் தலையிலிருந்து மொறுமொறுவென்று கடித்துத் தின்பதைப் பார்த்தேன். 2022இல் அறிவித்த காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தில் அவை மட்டுமல்ல, முதலையும் ஆமையும் நம்பியிருப்பது இந்தக் கோடை ஓட்டத்தைத்தான். பரிசலும் அதில்தான் மிதக்க வேண்டும்.

பெங்களூரின் தாகமும் பொய்யில்லை. 2024 அக்டோபரில் திறந்த காவிரிக் குடிநீரின் ஐந்தாம் கட்டத் திட்டத்தில் மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டர் வரை எடுக்கலாம். ஆனால் அந்த ஊரின் கழிவுநீர் விருஷபாவதி, அர்க்காவதி ஆறுகள் வழியாக ஒகேனக்கல்லுக்கு மேலேயே காவிரியில் கலக்கிறது. ஆறு மெலிந்த மாதங்களில் அதை நீர்க்கச் செய்யத் தண்ணீர் ஏது? அந்தக் கழிவைச் சுத்திகரித்த பிறகுதான் ஆற்றில் விட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கும் ஓசூர் வளர்கிறது, தேவை கூடத்தான் செய்யும். கூடுதலாக எடுப்பதை ஜூலை, ஆகஸ்டில் எடுத்து, ஏரிகளில் தேக்கி வைத்துக்கொள்ளட்டும். அப்போது ஆற்றில் வெள்ளம் புரளும், பரிசலுக்கே தடை போட்டிருப்பார்கள். பிப்ரவரி முதல் மே வரை மட்டும் புதிதாக ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது.

பரிசல்காரர்களுக்கு இரண்டு பக்கமும் அடி. வெள்ளம் வந்தால் தடை, வறண்டால் தரை தட்டல். அடுத்த முறை போகும்போது, இன்று எத்தனை கன அடி வருகிறது என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். எந்தப் பாறை முங்கியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வார்.