திருத்தந்தை இல்லாத நாட்களில் ஒருசந்தி உண்டா?

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தின் நடுவில் திருத்தந்தை (போப்) மாறினால் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாது.

2013-இல் இதுவே நடந்தது. பிப்ரவரி 11 அன்று அப்போதைய திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பதவி விலகுவதாக அறிவித்தார். 13-ஆம் தேதி தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். 28-ஆம் தேதி இரவு திருத்தந்தையின் ஆசனம் காலியானது. மார்ச் 13 அன்று பிரான்சிஸ் புதிய திருத்தந்தையாக வந்தார். இடையில் வந்த இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் சுத்தபோசனம்தான். ஆம்பூர் பிரியாணி வாசனைக்கு விலக்கு கிடைக்கவில்லை!

காரணம், இந்தக் கடமை திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது, ஆளோடு போய்விடாது. சுத்தபோசன நாட்களில் 14 வயது நிறைந்தவர்கள் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். மீனும் முட்டையும் தடையில்லை. 18 முதல் 59 வயது வரை திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் கட்டாய ஒருசந்தி. நாற்பது நாளும் ஒருசந்தி இருக்கும் நம் ஊர்ப் பாட்டிகள் அதைத் தங்கள் பக்தியால் செய்கிறார்கள், சட்டத்துக்காக அல்ல.

அந்த நாட்களில் குருவிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செல்லுமா என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. செல்லும். ரோமில் பல துறைத் தலைவர்களின் பதவி அப்போது முடிந்துவிடும். மறைமாவட்ட ஆயருக்கு அப்படி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரத்தைக் குருக்களுக்குப் பொதுவாகத் தருபவர் அவர்தான். 1952-இல் உருவான நம் வேலூர் மறைமாவட்டத்திலும் அதே கதைதான்.

கோயிலில் காதுக்குத் தெரியும் மாற்றம் ஒன்று உண்டு: பூசையின் மைய செபமான நற்கருணை மன்றாட்டில் திருத்தந்தையின் பெயரை விட்டுவிட்டு, ஆயர் பெயரை மட்டும் சொல்வார்கள்.