வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பதை நோயாளிகள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று எப்படி அளப்பது?

கேட்டிருப்பவர் முதுகலை நர்சிங் மாணவி. அவருடைய மருத்துவமனையில் சுகர் நோயாளிகளுக்கு ஃபாலோ-அப்பை வீடியோ காலுக்கு மாற்றியிருக்கிறார்களாம். "நோயாளிகளுக்கு இது ஒத்துவருகிறதா என்று ஆய்வு செய்யணும். ஒரு திருப்திக் கேள்வித்தாள் கொடுத்தால் போதுமா?" என்கிறார்.

போதாது. பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, மதுரைப் பக்கம் இதே மாதிரி ஒரு ஆய்வில் களப்பணி பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் ஆய்விலும் முதலில் அதைத்தான் செய்தோம். டாக்டர் பேசி முடித்த மறுநாள் நாங்கள் போன் போட்டு, ஐந்து பதில்களைப் படித்துக் காட்டி, ஒன்றைச் சொல்லச் சொல்வோம். பெரும்பாலும் "மிகவும் திருப்தி" என்றே வந்தது. சரிபார்ப்பதற்காகச் சிலரை வீட்டுக்கே போய்ப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஒரு பாட்டி. அறுபத்தைந்து வயதிருக்கும். படிவத்தில் "மிகவும் திருப்தி". திண்ணையில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, "நல்லாத்தான் இருந்துச்சு தாயி, டாக்டரம்மா நல்லா விசாரிச்சாங்க" என்றார். கேள்வித்தாளை மூடி வைத்துவிட்டுச் சும்மா கேட்டேன்: "நேர்ல பாத்தது ஒரு ரூபான்னா, போன்ல பாத்தது எத்தனை அணா பாட்டி?" கொஞ்சம் யோசித்து, "பன்னெண்டணா" என்றார். "மீதி நாலணா எங்க போச்சு?" என்றேன். பதில் சொல்லாமல் சேலைக் கரையை லேசாகத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணிக்கிழிசல், அதில் மஞ்சள் கறை. "ஆஸ்பத்திரிக்கு வந்தா காலத் தொட்டுப் பாப்பாங்கள்ல" என்றார்.

நேரில் வந்திருந்தால், காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் அந்த மெல்லிய நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தி "தெரியுதா?" என்று கேட்டிருப்பார்கள். விரலிடுக்கையும் பார்த்திருப்பார்கள். போனில் டாக்டர் காலைப் பற்றிக் கேட்கவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. இதில் பாட்டி பொய் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். டாக்டர் அன்பாகப் பேசினார், அதற்குத் திருப்தி. வீடியோ காலைப் பாட்டி மனசார ஏற்றுக்கொண்டாரா என்பது வேறு கேள்வி, அதை நாங்கள் கேட்கவே இல்லை.

இந்தச் சிக்கல் பழசு. 2000-ல் பிரான்சஸ் மேர், பமேலா விட்டன் இருவரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் டெலிமெடிசின் திருப்தி பற்றிய 32 ஆய்வுகளை அலசினார்கள். எல்லாவற்றிலும் நோயாளிகள் திருப்தி என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஆய்வுகள் நடந்த விதத்தில் இருந்த குறைகளால் அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றார்கள்.

நீங்கள் தொடங்க நல்ல இடம், 2017-ல் மன்தீப் சேகானும் அவருடன் இருந்தவர்களும் கொடுத்த ஏற்புத்தன்மைக் கட்டமைப்பு. ஏற்புத்தன்மையை அவர்கள் ஏழாகப் பிரிக்கிறார்கள்: மனசுக்குப் பிடித்திருக்கிறதா, எவ்வளவு சிரமம், தன் மதிப்புகளோடு ஒத்துப்போகிறதா, எதற்காக எப்படி நடக்கிறது என்று புரிகிறதா, இதற்காக எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது, பலன் இருக்கும் என்று நம்புகிறாரா, தன்னால் செய்ய முடியும் என்ற தைரியம் இருக்கிறதா. இதைத் தொடங்கும் முன், நடக்கும்போது, முடிந்த பின் என்று மூன்று கட்டத்திலும் கேட்கலாம் என்கிறார்கள். முடிந்தால் முன், பின் இரண்டிலாவது கேளுங்கள்.

ஏழில் நம் ஊரில் அதிகம் பேச வேண்டியது "விட்டுக்கொடுப்பது". வீடியோ காலால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் மிச்சம் என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். நான் பார்த்த ஒரு அக்கா கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "பதினோரு மணியிலிருந்து ஒரு மணிக்குள்ள கூப்பிடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். கரையில் சிக்னல் கிடையாது. அதனால் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பஸ் காசு மிச்சம், கூலி போச்சு. "நேரம் மிச்சமானதா?" என்று கேட்டால் ஆமாம் என்பார். "அன்றைக்கு வேலைக்குப் போனீர்களா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

அப்புறம், போன் யாருடையது என்பது. சுகர் கூடினால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வந்து அரிப்பது சாதாரணம். பேரன் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது எந்தப் பாட்டி அதைச் சொல்லுவார்? ஆண்களுக்கும் சொல்லக் கூச்சப்படுகிற பிரச்சினைகள் உண்டு. "உங்கள் அந்தரங்கம் காக்கப்பட்டதா?" என்ற கேள்விக்குத் தலையை ஆட்டிவிடுவார்கள். "பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். அதையும் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

ஆயத்த கேள்வித்தாள்கள் இருக்கின்றன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் உருவான டெலிஹெல்த் பயன்பாட்டுக் கேள்வித்தாள் 21 கேள்விகள் கொண்டது. பலரும் எடுத்தாள்கிறார்கள், நீங்களும் எடுக்கலாம். ஆனால் அப்படியே மொழிபெயர்த்துவிடாதீர்கள். "இந்த அமைப்பைப் பயன்படுத்துவது எளிது" என்று நான் ஒருவரிடம் படித்துக் காட்டியபோது "எந்த அமைப்பு?" என்று திருப்பிக் கேட்டார். அவர் எதையும் பயன்படுத்தவில்லை, பட்டனை அழுத்தியது மருமகள். மருமகள் வீட்டில் இல்லாத நாளில் என்ன செய்வார் என்பதுதான் அவர் விஷயத்தில் கேள்வி. ஐந்து படி பதில்களும் அப்படித்தான். "ஓரளவு ஒத்துக்கொள்கிறேன்" என்று யாரும் பேசுவதில்லை. அணாக் கணக்கு அங்கீகரிக்கப்பட்ட அளவுகோல் இல்லை, ஆய்வேட்டில் அதை வைத்து எண் காட்ட முடியாது. ஆனால் பேச்சைத் திறக்க அதைவிட நல்ல சாவி எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நாலணாவுக்குக் கிடைக்கும் பதில்களை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.

எண்ணிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. உதாரணத்துக்கு, 100 பேருக்கு வீடியோ காலுக்கு நேரம் கொடுக்கிறீர்கள். 60 பேர் பேசி முடிக்கிறார்கள். அதில் 54 பேர் நல்லது என்கிறார்கள். 90 சதவீதம் என்று எழுதினால் கணக்கு சரி, ஆனால் நேரம் கொடுத்த 100 பேரில் நல்லது என்றவர்கள் 54 பேர்தான். மறுத்தவர்கள், போன் எடுக்காதவர்கள், பாதியில் துண்டித்தவர்கள் ஆகிய 40 பேரிடமும் போய்க் கேட்காத வரை ஏற்புத்தன்மை பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் அவர்களைத் தேடிப் போவதுதான் ஆய்வின் கஷ்டமான பாதி, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாத் தொலைமருத்துவத்தையும் ஒரே கூடையில் போடவும் வேண்டாம். 2020 மார்ச் 25-ல் வந்த மத்திய அரசின் டெலிமெடிசின் வழிகாட்டுதல் வீடியோ, குரல், எழுத்து என்று மூன்றையும் தனித்தனியாகப் பேசுகிறது, முதல் ஆலோசனையையும் ஃபாலோ-அப்பையும் பிரிக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனையின் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் பக்கத்தில் இருந்து கண்ணைப் பரிசோதிக்கிறார், டாக்டர் திரையில் வருகிறார். அங்கே தொட்டுப் பார்க்க ஒரு கை இருக்கிறது. வீட்டில் தனியாகப் போனோடு உட்கார்ந்திருப்பவரின் பதிலை அதோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டுமே புரியாமல் போகும்.

கேள்வி கேட்பவர் சிகிச்சை கொடுக்கும் ஆளாக இருக்கக் கூடாது. யூனிஃபார்மைப் பார்த்தாலே நம் ஜனங்கள் குறை சொல்ல மாட்டார்கள். அடுத்த தடவை அதே டாக்டரிடம்தானே போகணும்.

கடைசியாக, சொல்வதோடு செய்வதையும் பதிவு செய்யுங்கள். அடுத்த முறைக்குப் போனா, நேரிலா என்று தேர்ந்தெடுக்க விட்டு, யார் எதற்கு மாறுகிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பாட்டியை மறுநாளே வரச் சொல்லி, புண்ணுக்கு வைத்தியம் நடந்தது. பிறகு அவரிடம் இதைக் கேட்டபோது, "மாத்திரை கேக்க போன் போதும் தாயி. காலுக்கு நான் வந்துர்றேன்" என்றார். எங்கள் படிவத்தில் அதைக் குறிக்கக் கட்டமே இல்லை. அதற்கப்புறம்தான் மாத்திரை மாற்ற, ரத்தப் பரிசோதனை முடிவு கேட்க, புண்ணைக் காட்ட, புதிதாக வந்த தொந்தரவைச் சொல்ல என்று ஒவ்வொன்றுக்கும் போனா, நேரிலா என்று தனித்தனியாகக் கேட்க ஆரம்பித்தோம்.