அழித்த முகவரிகள் கசாண்ட்ராவில் திரும்பி வருவது ஏன்?

கேள்வி: மூன்று நோட் (சர்வர்) உள்ள கசாண்ட்ரா 4.1 டேட்டாபேஸ் வைத்திருக்கிறோம். ரிப்ளிகேஷன் ஃபேக்டர் 3 (ஒவ்வொரு தகவலுக்கும் மூன்று பிரதி), படிப்பதும் எழுதுவதும் 'ஒன்' அளவில், அதாவது ஒரு நோட் பதில் சொன்னால் போதும். மூன்றாவது நோட்டில் டிஸ்க் கன்ட்ரோலர் பழுதாகி 16 நாள் நின்றுபோனது, டேட்டா பத்திரமாக இருந்ததால் அப்படியே மறுபடி ஏற்றிவிட்டோம். அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் அழித்த டெலிவரி முகவரிகள் சில சமயம் தெரிகின்றன, ரெஃப்ரெஷ் செய்தால் போய்விடுகின்றன. உடனே ரிப்பேர் (நோட்களின் பிரதிகளை ஒப்பிட்டுச் சமப்படுத்தும் வேலை) ஓட்டி, கோரமுக்கு (பெரும்பான்மை நோட்கள் பதில் சொல்ல வேண்டிய அளவு) மாற்றிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். இரண்டுமே நல்ல காரியம்தான், ஆனால் இந்த நிலையில் செய்தால் மூன்றாவது நோட்டில் மட்டும் கிடக்கும் பழைய முகவரிகள் மற்ற இரண்டுக்கும் பரவிவிடும்.

கசாண்ட்ராவில் அழிப்பதும் ஒரு எழுத்துதான். ஒரு வரியை அழித்தால், 'இது இத்தனை மணிக்கு அழிக்கப்பட்டது' என்று டூம்ஸ்டோன் எனும் குறி ஒன்று எழுதப்படுகிறது. நோட் கீழே இருந்தால் அதற்குச் சேரவேண்டியதை மற்ற நோட்கள் ஹின்ட்டாக எடுத்து வைக்கும், ஆனால் இயல்பாக 3 மணி நேரம் வரைதான். அதற்குமேல் வந்த எதுவும் உங்கள் மூன்றாவது நோட்டுக்குத் தெரியாது. அப்புறம் ஜிசி கிரேஸ் என்ற கெடு இருக்கிறது, மாற்றாமல் விட்டிருந்தால் 8,64,000 வினாடி, அதாவது 10 நாள். அது முடிந்த பிறகு, டேட்டா ஃபைல்களை ஒன்றுசேர்த்துச் சுருக்கும் கம்பாக்‌ஷன் நடக்கும்போது டூம்ஸ்டோனையே தூக்கி எறிந்துவிடும், இல்லாவிட்டால் டிஸ்க் முழுக்க குறிகளாகவே நிறையும்.

இப்போது ஒரே ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். நோட் நின்ற இரண்டாம் நாள் வாடிக்கையாளர் அதை அழித்தார், முதல் இரண்டு நோட்களும் குறித்துக்கொண்டன. பன்னிரண்டாம் நாளுக்குப் பிறகு அங்கே முகவரியும் இல்லை, அழித்த குறியும் இல்லை. பதினாறாம் நாள் மூன்றாவது நோட் எழுந்து 'என்னிடம் இந்த முகவரி இருக்கிறது' என்கிறது. மற்ற இரண்டிடமும் மறுக்க ஆதாரம் இல்லை. ஒரு வரி இல்லாமல் இருப்பதை 'அழித்தது' என்று கசாண்ட்ரா எடுத்துக்கொள்ளாது, 'இன்னும் வந்து சேரவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்ளும். அதனால் கோரத்தில் படித்தால் இரண்டு பதில்களையும் ஒப்பிட்டு, இல்லாத நோட்டில் அந்த வரியைத் திரும்ப எழுதிவிடும். ரிப்பேர் இதையே டேபிள் முழுக்கச் செய்யும். நீங்கள் 'ஒன்' அளவில் படித்துக்கொண்டிருப்பதால்தான், எந்த நோட் பதில் சொல்கிறதோ அதைப் பொறுத்து முகவரி வருவதும் மறைவதுமாக இருக்கிறது.

சரி, செய்ய வேண்டியது இதுதான். மூன்றாவது நோட்டில் ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் அப்போதைய நகல்) எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள், வேறெங்கும் சேராத எழுத்து ஏதாவது அதில் மட்டும் இருந்தால் பின்னால் தேடலாம். பிறகு நோட்டை நிறுத்தி, டேட்டா, கமிட் லாக் எல்லாவற்றையும் காலி செய்து, 'ரீப்ளேஸ் அட்ரஸ் ஃபர்ஸ்ட் பூட்' அமைப்பில் அதே ஐபி முகவரியைக் கொடுத்துப் புது நோட் போல ஏற்றுங்கள். மற்ற இரண்டிலிருந்து டேட்டாவை இழுத்துக்கொள்ளும். இங்கே நிறையப் பேர் வழுக்குகிறார்கள்: மூன்று நோட் க்ளஸ்டரில் மூன்றையும் சீட் பட்டியலில் (புதிதாகச் சேரும் நோட் முதலில் தொடர்புகொள்ளும் நோட்களின் பட்டியல்) போட்டு வைத்திருப்பார்கள், சீட் நோட் பூட்ஸ்ட்ராப் ஆகாது, அதாவது மற்றவற்றிலிருந்து டேட்டாவை இழுக்காது. மூன்றாவது நோட்டின் பெயரை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அது முடிந்ததும் மூன்று நோட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக முழு ரிப்பேர் ஓட்டுங்கள், அப்புறம் படிப்பதையும் எழுதுவதையும் கோரமுக்கு மாற்றுங்கள். மூன்று பிரதியில் இரண்டில் எழுதி இரண்டில் படித்தால் குறைந்தது ஒரு நோட் பொதுவாக இருக்கும், எழுதியதும் படிக்கும்போது பழையது வரும் தொல்லை தீரும். அதற்குப் பிறகும் எங்காவது சந்தேகமான முகவரி தென்பட்டால் 'ரைட்டைம்' (எழுதிய நேரம்) கேட்டுப் பாருங்கள், பழைய தேதி இருக்கும். ஆப் பக்கத்து அழிப்புப் பதிவோடு ஒப்பிட்டு மறுபடி அழித்துவிடலாம்.

பெயர் ரிப்பேர் என்று இருப்பதாலோ என்னவோ, ஏதாவது உடைந்தால்தான் அதை ஓட்ட வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஜிசி கிரேஸ் 10 நாள் என்றால் ஒவ்வொரு நோட்டிலும் 7 நாளுக்கு ஒருமுறையாவது ஓடி முடிந்திருக்க வேண்டும். 10 நாளுக்குமேல் நின்ற நோட்டை, டிஸ்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும், காலி செய்யாமல் உள்ளே சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, கடிகாரம். எது புதியது என்பதை கசாண்ட்ரா நேர முத்திரையை வைத்துத்தான் முடிவு செய்கிறது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஆப் சர்வரின் கடிகாரம் நான்கு நிமிடம் முன்னால் ஓடியது; அது எழுதிய வரியை இன்னொரு சர்வர் அடுத்த நிமிடமே அழித்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, வரி மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு நாள் தேடினோம். டேட்டாபேஸ் நோட்களில் க்ரோனி (கடிகாரத்தைச் சரியாக வைக்கும் நிரல்) ஓடுவதைப் பார்த்ததோடு விடாமல் ஆப் சர்வர்களிலும் பாருங்கள், முத்திரையைப் போடுவது பெரும்பாலும் அங்கிருக்கும் டிரைவர்தான் (ஆப்பை கசாண்ட்ராவோடு இணைக்கும் மென்பொருள்).