அப்பாவின் மறுப்பு அவருடையது, உங்கள் கேள்வி உங்களுடையது

கேள்வி: எனக்கு 33 வயது. சாமி படம் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தேன். தாத்தா கருப்புச் சட்டைக்காரர். தாத்தாவும் பாட்டியும் 1950களிலேயே ஐயர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றிச் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். அப்பாவும் அந்த வழிதான். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை தோழியோடு கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றித் திருநீற்றை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார். ஆனால் திட்டவில்லை. “என்ன பார்த்தாய்?” என்று மட்டும் கேட்டார்.

சென்ற ஆண்டு அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மருத்துவமனை வாசலில் ஒரு பிள்ளையார் உண்டு. ஒரு நாள் இரவு, யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கும்பிட்டேன். பக்கத்துப் படுக்கைக்காரரின் வீட்டார் அவர் தலையணைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருந்தார்கள். அவர் பிழைத்து வீட்டுக்கு நடந்து போனார். அப்பா பிழைக்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்திருந்தபடி கண்களையும் உடலையும் தானம் செய்தோம். அன்று மாலையே மருத்துவக் கல்லூரியிலிருந்து வண்டி வந்து எடுத்துச் சென்றது. படத்திறப்பில் நான் அழத் தொடங்கியதும், “நீ யார் மகள், அழலாமா?” என்றார்கள் இயக்கத் தோழர்கள்.

இப்போது முதலாண்டு வருகிறது. மாமியார் நல்லவர். “அவர் ஆத்மா அலையக் கூடாது, நாமாவது திதி கொடுத்துவிடுவோம்” என்கிறார். கணவர் வாய் திறப்பதில்லை. ஆறு வயது மகள், “தாத்தா சாமியிடம் இருக்கிறாராமே, அப்பத்தா சொன்னார்” என்கிறாள். கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிடுகிறேன். கடவுள் இருக்கிறாரோ என்று நினைத்தாலே அப்பாவுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நான் கடவுள் நம்பிக்கை உள்ளவள். அந்தி சாய்ந்தால் விளக்கேற்றுகிறவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். என் பதிலை எடைபோட உங்களுக்கு அது உதவும்.

நாள் நெருங்குவதால் திதி பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். திதி கொடுப்பது தவறு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. என் வீட்டில் கொடுக்கிறோம். உங்கள் அப்பா தன் உடலை என்ன செய்ய வேண்டும் என்று உயிரோடு இருக்கும்போதே யோசித்து, படிவத்தில் கையெழுத்திட்டு, சாட்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எள்ளும் தண்ணீரும் தனக்கு வேண்டாம் என்பதை அதைவிடத் தெளிவாக ஒரு மனிதரால் சொல்ல முடியாது. மறுத்துப் பேச அவர் இல்லை என்பதற்காக அவர் பெயரில் அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நம்பிக்கை உள்ள ஒருவருக்கு அவர் பிள்ளைகள் சடங்கு செய்ய மறுத்தால் நாம் வருத்தப்பட மாட்டோமா? இதுவும் அப்படித்தான்.

அந்த மறுப்பு உங்கள் வீட்டுக்குச் சும்மா வந்ததும் அல்ல. உங்கள் தாத்தாவும் பாட்டியும் மாலை மாற்றிக்கொண்ட காலத்தில் அந்தத் திருமணத்துக்குச் சட்டத்தின் காவல் இல்லை. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கு இல்லாமல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அப்படியானால் மனைவி மனைவியல்ல, பிள்ளைகளுக்குச் சொத்தில் உரிமையுண்டா என்பதும் கேள்விக்குறி. ஊர்ப் பேச்சு வேறு. 1967இல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஏற்கெனவே நடந்து முடிந்த அத்தகைய திருமணங்களையும் செல்லும் என்று ஆக்கிய பிறகுதான் அந்தக் குடும்பங்கள் மூச்சு விட்டன. உங்கள் பாட்டி அதுவரை எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவ்வளவு விலை கொடுத்து வந்த ஒரு கொள்கையை, அதோடே வாழ்ந்து அதோடே இறந்த மனிதர்மேல், ஒரு அமாவாசைக் காலையில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட முடியாது.

இப்போது உங்களைப் பற்றி.

அப்பா மறுத்தது அவர் வாழ்க்கைக்கு. உங்கள் வாழ்க்கைக்கும் சேர்த்து அவர் மறுக்கவில்லை, மறுக்கவும் முடியாது. நீங்கள் நாளைக்கே ஒரு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போனால் அது உங்கள் கணக்கு. நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு முதலில் மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மதத்தைப் பின்பற்றும் உரிமைக்கு வருகிறது. நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் இன்னும் முடிவெடுக்காதவருக்கும் அந்த முதல் உரிமை பொது. பெரியாரும், நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் ஏற்காதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைக்கு மேடை சொன்னவர். திருநீற்றை அழித்துவிட்டு வந்த மகளிடம் “என்ன பார்த்தாய்?” என்று கேட்ட அப்பாவும் அதைத்தான் செய்திருக்கிறார். எத்தனையோ பக்தி மிகுந்த வீடுகளில், சாமி கும்பிட மாட்டேன் என்ற பிள்ளைக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. கேள்வி கேட்பதால் நீங்கள் துரோகியாகிவிடவில்லை.

அந்தப் பிள்ளையாருக்கு முன் நீங்கள் கைகூப்பினீர்களே, அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். “ஐசியு வாசலில் நாத்திகம் நிற்காது” என்று என்னைப் போன்ற நம்பிக்கையாளர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. அதே வாசலில் நம்பிக்கையைத் தொலைத்துவிட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டு விரதம் இருந்த தாய், மகனைப் பறிகொடுத்த அன்றே பூஜையறையைப் பூட்டிவிடுகிறார். அவர் பூட்டியதால் கடவுள் இல்லையென்று ஆகிவிடாது. நீங்கள் கும்பிட்டதால் இருக்கிறார் என்றும் ஆகிவிடாது. பதறிய மனம் பற்றிக்கொள்ள எதையாவது தேடும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்பாவைக் காப்பாற்ற உங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தீர்கள், அதில் அதுவும் ஒன்று.

பக்கத்துப் படுக்கைக்காரரை நினைத்து நீங்கள் உள்ளுக்குள் புழுங்குவது கடிதத்தில் தெரிகிறது. நானும் கொஞ்சம் முன்பே திருநீறு வைத்திருந்தால் என்ற நினைப்புத்தானே? தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். அவர் நோய் வேறு, அப்பாவின் நோய் வேறு. அவர் வீட்டார் கேட்டதைக் கொடுத்து உங்கள் அப்பாவைக் கைவிட்டுவிட்டார் என்று சொல்லும்படியான ஒரு கடவுளை நான் கும்பிடவில்லை. கோபம் வந்தால் கோபப்படுங்கள். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது, இன்னொரு வீட்டில் மணமுழவு ஒலிக்கிறது, இப்படி உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் படைத்தவனையே ஏசுகிறார். நம்புகிறவருக்கும் நம்பாதவருக்கும் அந்த ஆத்திரம் பொதுவானது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னால் தமிழில் அதைச் சொல்ல இடம் இருந்திருக்கிறது. உங்களுக்கும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது கடவுள் அல்ல, அந்தப் படத்திறப்புதான்.

மற்ற வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மறுநாள் பால் தெளிப்பு. பதினாறாம் நாள் கருமாதி. மாதாமாதம் ஏதோ ஒன்று. வருடம் முடிந்தால் தெவசம். ஒவ்வொன்றுக்கும் உறவினர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்து, செத்தவரைப் பற்றிப் பேசி, வாய்விட்டு அழுது, சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அதில் சாத்திரம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் மனிதர்கள். உங்களுக்கு எரித்த இடம் இல்லை, கரைக்கச் சாம்பல் இல்லை, போய் நிற்க ஒரு கல் இல்லை. காலையில் இருந்த உடல் மாலையில் வண்டியேறிவிட்டது. தோழர்கள் ஒரு தோழருக்கு வீரவணக்கம் செலுத்தினார்கள், அவர்கள் இழப்புக்கு அது சரி. ஆனால் உங்கள் அப்பாவுக்காக அங்கே யாரும் அழவில்லை. அழ வந்தவரையும் தடுத்துவிட்டார்கள். அழுகைக்கும் மூடநம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்? பெற்றவரைப் பறிகொடுத்த மகள் அழுவது பகுத்தறிவுக்கு எந்த வகையில் விரோதம்? இதை அந்தத் தோழர்களிடமே நான் கேட்கத் தயார்.

ஆகவே, கோயில் வாசலில் நீங்கள் தேடுவது கடவுளையா, அல்லது ஓராண்டாக அடக்கி வைத்த அழுகையை இறக்கி வைக்க ஓர் இடத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்போது தெரியாது. முதலில் அழுது முடியுங்கள். கடவுள் பற்றிய கேள்வி எங்கும் ஓடிப்போகாது.

முதலாண்டு நாளை அதற்குப் பயன்படுத்துங்கள். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். அப்பாவை அப்பாவாகவும் அண்ணனாகவும் தெருக்காரராகவும் தெரிந்தவர்களை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். இயக்கத் தோழர்களும் வரலாம், ஆனால் அன்று கொள்கை பேசக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அவர் எதற்குக் கோபப்படுவார், யாரிடம் கடன் கொடுத்து ஏமாந்தார், உங்களை எப்படிப் பள்ளிக்கு அழைத்துப் போனார், இதெல்லாம் பேசுங்கள். அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் போடுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். முடிந்தால் அந்த மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறைக்கும் ஒருமுறை போய்வாருங்கள். பல கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் உடல்தானம் செய்தவர்களுக்கு மரியாதை செலுத்தி, உறுதிமொழி எடுத்துக்கொண்ட பிறகுதான் கற்கத் தொடங்குகிறார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு பேராசிரியரிடம் பத்து நிமிடம் பேசினால்கூட, அப்பா எங்கே போனார் என்ற கேள்வியின் கனம் குறையும்.

அதற்குப் பிறகும் கடவுள் கேள்வி உங்களுக்குள் இருந்தால், நிதானமாக, பயம் இல்லாத ஒரு சாதாரண நாளில் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள்ளேயே போய் உட்காருங்கள். யாரும் உங்களைச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தமில்லை. அப்பாவின் அலமாரியில் இருப்பதையும் படியுங்கள், அதற்கு எதிர்த்தரப்பு சொல்வதையும் படியுங்கள். மணிமேகலை வஞ்சி நகரில் வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், ஐம்பூதங்களுக்கு அப்பால் எதுவும் இல்லை என்ற பூதவாதி என எல்லோரிடமும் போய்க் கேட்ட பிறகுதான் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் பௌத்தம் கேட்டாள். உங்களுக்கு முன்னால் இரண்டே கதவுகள், ஒன்று கோயில் மற்றொன்று பெரியார் திடல் என்று நினைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள். படைத்தவன் என்று ஒருவனை ஏற்காமலேயே சமணமும் பௌத்தமும் அறம் பேசியிருக்கின்றன. வேள்வியையே வாழ்வாகக் கொண்ட மீமாம்சகர்கள்கூட உலகைப் படைக்க ஒருவன் தேவையில்லை என்று வாதிட்டிருக்கிறார்கள். “எனக்கு இன்னும் தெரியவில்லை” என்று பல ஆண்டுகள் நேர்மையாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். யாரிடமும் நீங்கள் தேதி குறித்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

மகளுக்கு மட்டும் இப்போதே பதில் வேண்டும். தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்றெல்லாம் சொல்லாதீர்கள். அவள் தூங்கவே பயப்படுவாள், அல்லது வாசலைப் பார்த்துக் காத்திருப்பாள். “தாத்தா இறந்துவிட்டார், இனி வர மாட்டார். அவர் உடம்பை டாக்டருக்குப் படிக்கிற அண்ணன் அக்காமார் பார்த்துக் கற்றுக்கொள்ளக் கொடுத்திருக்கிறோம். அவருக்கு வலிக்காது. அவர் சாமியிடம் இருக்கிறார் என்று அப்பத்தா நம்புகிறார். தாத்தா அப்படி நம்பவில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியவில்லை” என்று சொல்லுங்கள். ஆறு வயதுக்கு இது புரியும். அப்பத்தா பொய் சொல்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேத்தியைத் தேற்ற அவருக்குத் தெரிந்த வழி அது.

மாமியாரிடம் கொள்கை விவாதம் வேண்டாம். அவர் உங்கள் அப்பாவுக்காகக் கவலைப்படுகிறார், அந்த அன்பை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். “அத்தை, அப்பா எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை என்னால் மீற முடியாது. நீங்கள் கோயிலுக்குப் போகும்போது அவரை நினைத்து ஒரு விளக்கு வையுங்கள், அது உங்கள் அன்பு, அதை நான் தடுக்க மாட்டேன்” என்று சொல்லலாம். அன்றைய சமையலைப் பொறுப்பெடுத்துக்கொள்ளும்படி அவரையே கேளுங்கள், நிச்சயம் மறுக்க மாட்டார். ஆனால் இந்தப் பேச்சை நீங்கள் தனியாகப் பேசக் கூடாது, கணவரும் கூடவே உட்கார வேண்டும். அவர் வாய் திறப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தன் அம்மாவிடம், மாமனாரின் விருப்பத்தை மதிப்போம் என்று சொல்ல வேண்டிய முதல் ஆள் அவர்தான். இந்தப் பக்கத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்.